மாதோட்டத்து ஓட்டுத்துண்டும் ஒரு சோடி காலுறையும்

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் ஊர் வாசிகசாலையில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குக் கதை சொல்லுகிறேன். போன கிழமை இங்கிலாந்தின் வடக்கே உரோமர் கட்டிய ஹட்ரியன் சுவருக்குப் பக்கத்தில் உள்ள விந்தொலாண்டா என்ற உரோமக் கோட்டையைப் பற்றிச் சொன்னேன். அங்கே 1973 இல் இருந்து மெல்லிய மரத்தகட்டுக் கடிதங்கள் கிடைத்து வருகின்றன, ஒன்றில் யாரோ ஒரு போர்வீரனுக்குக் காலுறையும் செருப்பும் உள்ளாடையும் அனுப்பிய விபரம் இருக்கிறது, இன்னொன்றில் குளோடியா செவேரா என்ற பெண் செப்டெம்பர் 11 அன்று தன் பிறந்தநாளுக்கு வரச்சொல்லித் தோழியை அழைத்து, முடிவில் தன் கைப்படவே சில வரி எழுதியிருக்கிறாள். கிட்டத்தட்ட 1900 வருடம் பழைய எழுத்து.

காலுறை என்றதும் ஒரு சிறுமி எழும்பி, "எங்கட அம்மம்மாவும் கனடாவில இருக்கிற மாமாவுக்கு மிளகாய்த்தூள் பொதி கட்டி அனுப்புறவா" என்றாள். அதற்குப் பிறகு உரோமர் யார் என்று நான் விளக்கவே தேவைப்படவில்லை.

மன்னாரில் உள்ள பழைய துறைமுகமான மாதோட்டம் எங்களுக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது. அங்கே உரோம நாணயங்கள் கிடைத்திருக்கின்றன, ஆனால் பிள்ளைகளுக்கு அது பாடப்புத்தகத்தில் ஒரு வரி, அவ்வளவுதான். அந்தத் துறையில் மூட்டை இறக்கியவனின் மகள் அந்தக் காசைக் கையில் வாங்கிப் பார்ப்பதாக ஒரு கதை எழுதுங்கள், எது தோண்டி எடுத்தது, எது கற்பனை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்புறம் பாருங்கள், வயலில் ஒரு பழைய மண்பாண்ட ஓட்டுத்துண்டு கிடைத்தால் பிள்ளை அதை எறியாது.

உங்கள் சிறுவர் பக்கத்தில் மாதம் ஒரு கதைக்கு இடம் தருவீர்களா? முதல் கதையை நானே எழுதி அனுப்புகிறேன்.

வாசகர் ஒருவர்,
வன்னி