இணைவு ஆற்றல்: முழுக் கணக்கும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

லேசான அணுக்கருக்கள் ஒன்றிணைந்து ஆற்றலை வெளியிடும் அணுக்கரு இணைவு பற்றிய செய்திகளுக்கு ‘வற்றாத மின்சாரம் கைக்கெட்டிவிட்டது’ என்ற தொனியில் தலைப்பிடுவது வருத்தமளிக்கிறது. கலிபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் 2022 டிசம்பர் 5 அன்று 192 லேசர் கற்றைகளைப் பாய்ச்சி, மிளகளவே உள்ள எரிபொருள் உருண்டையை அழுத்தியபோது, லேசர் ஒளியாகச் செலுத்திய 2.05 மெகாஜூல் (ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றலுக்கு ஈடாக 3.15 மெகாஜூல் வெளிப்பட்டது. பல பத்தாண்டு உழைப்பின் பயனான அச்சாதனையை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால், அந்த லேசர்களை இயக்க மட்டும் ஏறத்தாழ 300 மெகாஜூல் மின்சாரம் செலவானது என்பதும் அதே தலைப்பின் கீழேயே வந்திருக்க வேண்டும். தவிர, மின்நிலையம் என்றால் இதை நொடிக்குப் பல முறை, ஓயாமல் நிகழ்த்தியாக வேண்டும். அதற்கான லேசரும் உருண்டைத் தயாரிப்பும் இன்னும் கைகூடவில்லை. இனி இத்தகைய செய்திகளில், உள்ளே சென்ற மின்சாரத்தின் அளவையும் வெளியே வந்த ஆற்றலின் அளவையும் அருகருகே அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்