கியர் இல்லாத காரும் ஒரு காரோ?

ஸ்காபரோ
கனடா
2025 கார்த்திகை 16, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். நீங்களும் அம்மாவும் தம்பியும் சுகமாய் இருக்க நல்லூர்க் கந்தனை வேண்டுறன். போன கிழமை போனில கார் எடுக்கிற கதையைச் சொல்ல, "கியர் இல்லாத காரும் ஒரு காரோ?" எண்டு கேட்டுப்போட்டு போனை அம்மாட்டைக் குடுத்திட்டியள். அதுக்குப் பிறகு எனக்கு ஒண்டிலயும் மனம் போகேல்லை. போனில விளங்கப்படுத்த வெளிக்கிட்டா "சரி சரி, உன்ர விருப்பம்" எண்டு முடிச்சுப்போடுவியள். எழுத்தில வந்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முற்றத்தில இருந்து ரெண்டு தரம் வாசிப்பியள். அதுதான் எழுதுறன்.

முதல்ல ஒண்டு. எனக்கும் கியர்க் கார்தான் ஆசை. தம்பி படம் அனுப்பின அந்தச் சிவப்புக் கார், ஹொண்டா சிவிக் எஸ்ஐ, நான் ஒரு வருசமா மனசில வைச்சிருந்த கார். 1500 சீசீ எஞ்சின், ரேர்போ, 200 குதிரை வலு. எங்கட பழைய ஓஸ்ரின் ஏ 40 காருக்கு 1200 சீசீயில 42. ஆறு கியர், காலில கிளச். வேற மாதிரி அது வராது. இஞ்ச ஒன்ராறியோவில அலிஸ்ரன் எண்ட ஊரிலதான் செய்யுறவை.

வேலையிடத்தில ஒரு வல்வெட்டித்துறைப் பெடியன் அந்தக் கார் வைச்சிருக்கிறான். ரெண்டு நாளைக்கு மாத்தி ஓடிப் பாப்பம் எண்டு கேட்க, உடன தந்தவன். ஞாயிறு விடியக்காத்தால மார்க்கம் எண்ட ஊர் தாண்டி வடக்கால, தோட்டங்களுக்கு நடுவில போற றோட்டில கொண்டு போனன். சனம் இல்லை. மூண்டில இருந்து நாலுக்கு மணிக்கட்டு அசைஞ்சாக் காணும், அவ்வளவு கிட்டக் கிட்டக் கியர். நீங்கள் கொக்குவில் ஒழுங்கையில என்னை ஓடப் பழக்கேக்க சொன்னது காதில கேட்டது: "கண்ணால கியர் போடாதை, எஞ்சின்ர சத்தத்தைக் கேள்." அண்டைக்குக் காலமை ஒரு மணித்தியாலம் நான் வேற நாட்டில இருக்கிறன் எண்ட நினைப்பே வரேல்லை. அப்பா, அது பொய்யில்லை. அந்தக் காரில ஒரு குறையும் நான் சொல்லமாட்டன்.

அடுத்த நாள் திங்கள். அதிலதான் வேலைக்குப் போனன்.

என்ர வேலைப் பயணம் எப்பிடியெண்டு நான் உங்களுக்கு வடிவாச் சொன்னதில்லை. வீடு ஸ்காபரோவில, வேலை மிசிசாகாவில. ஒரு பக்கம் 45 கிலோமீற்றர், யாழ்ப்பாணத்தில இருந்து ஆனையிறவுக்குப் போற தூரத்துக்குக் கிட்ட. போற றோட்டு 401. விமான நிலையத்துப் பக்கம் அது 18 நிரை அகலம். தூரம் போறவைக்கு நடுவில, இறங்கி ஏறுறவைக்கு ஓரத்தில எண்டு போக ரெண்டு, வர ரெண்டாப் பிரிச்சிருக்கு. 100இல ஓடலாம் எண்டு சட்டம். பின்னேரம் நாலரைக்கு வெளிக்கிட்டா முன்னுக்கு நிக்கிற காரின்ர சிவப்பு லைற்றைத் தவிர ஒண்டும் தெரியாது. பத்தடி போறது, நிக்கிறது, பத்தடி போறது, நிக்கிறது. மார்கழியில அஞ்சு மணிக்கு முதலே இருட்டிப்போகும். நான் அந்த நேரம் குளிர்க் களஞ்சியத்தில எட்டு மணித்தியாலம் சீமெந்து நிலத்தில நிண்டிட்டு வாற ஆள்.

அண்டைக்கு எத்தினை தரம் கிளச் மிதிக்கிறன் எண்டு எண்ணத் தொடங்கினன். கீல் றோட்டு வர முதலே 140. பிறகு எண்ணேல்லை. வீட்டடியில இறங்க, இடக்கால் தொடையில இருந்து குதிக்கால் வரை நடுங்குது. கதவைப் பிடிச்சுக்கொண்டு கொஞ்ச நேரம் நிண்டன். அப்பதான் அப்பா உங்கட கால் கண்ணுக்கு முன்னால வந்தது.

1995 ஐப்பசி 30. எனக்கு ஏழு வயசு. சண்டைக்குப் பயந்து வலிகாமத்துச் சனம் முழுக்க ஒரே இரவில வெளிக்கிட்டுது. ஏ 40க்குள்ள நாங்கள் ஒன்பது பேர், அம்மம்மா பின்சீற்றில அரிசிச் சாக்குக்கு மேல. முன்னுக்கு அம்மாவின்ர மடியில நான், உங்கட இடக்கைப் பக்கம். செம்மணி தாண்டி நாவற்குழிப் பாலத்துக்குப் போற றோட்டில சனம் ஆளோடை ஆள் முட்டிக்கொண்டு நடக்குது, மழை பெய்யுது, மண்ணெண்ணெய்ப் புகை காருக்குள்ள அடிக்குது. முதலாம் கியரில ஒரு முழம் போவியள், கிளச்சை மிதிச்சுக்கொண்டு நிப்பியள். எஞ்சினை நிப்பாட்ட ஏலாது, மண்ணெண்ணெயில ஓடினாலும் எழுப்பச் சொட்டுப் பெற்றோல் வேணும், நிப்பாட்டினா திரும்ப எழுப்பப் பெற்றோல் இல்லை. மருந்துப் போத்தலில இருந்த பெற்றோலின்ர கடைசிச் சொட்டை வெளிக்கிடேக்கயே காபரேற்றருக்குள்ள விட்டிட்டியள். உங்கட முழங்கால் நடுங்கினதை நான் கிட்ட இருந்து பாத்தனான். கியரை மாத்தின கையாலேயே முழங்காலை அமத்திப் பிடிச்சுப் பிடிச்சு மிதிச்சனீங்கள். நீங்கள் பயத்தில நடுங்கிறியள் எண்டு நான் நினைச்சுக்கொண்டு அழுதன். மீசாலைக்குப் போய்ச் சேர விடிஞ்சு வெயில் வந்திட்டுது. இறங்கி நடக்க ஏலாமல் படலையடியில இருந்திட்டியள், அம்மா நல்லெண்ணெய் போட்டுத் தேய்ச்சா. இப்பவும் மழைக்கு அந்த முழங்கால்தானே உங்களுக்கு நோகிறது.

உங்களுக்கு அண்டைக்கு வேற வழி இருக்கேல்லை. எனக்கு இருக்கு. இருந்தும் ஆசைக்காக ஒவ்வொரு நாளும் அந்த மிதியை மிதிக்கிறது சரியில்லை எண்டு பட்டது. செவ்வாய்க்கிழமை திறப்பைப் பெடியனிட்டைக் குடுத்திட்டன்.

இனி ரொயோட்டா கம்றியின்ர கதைக்கு வாறன். கியர் இல்லை எண்டியள். உண்மைதான், ஆனா உள்ளுக்கு இருக்கிற வேலையைக் கேட்டா உங்களுக்கு விருப்பம் வரும். 2025இல இருந்து கம்றி ஹைபிரிட்டாத்தான் வருது. 2500 சீசீ பெற்றோல் எஞ்சின், அதோடை மின்மோட்டர். கியர்ப்பெட்டி இருக்கிற இடத்தில நடுவில ஒரு பல்லுச்சில்லு, அதைச் சுத்திக் குட்டிச் சில்லுகள், வெளியால வளையமா ஒரு பல்லு. சூரியனைக் கிரகங்கள் சுத்திற மாதிரி. எஞ்சின் ஒரு பக்கம், ரெண்டு மோட்டர் மற்றப் பக்கம், எல்லாம் அந்த ஒரு சில்லுக்கூட்டத்தில நெடுகப் பூட்டினபடி. மோட்டரின்ர வேகத்தைக் கூட்டிக் குறைக்கத் தானா வேகம் மாறுது. கிளச் மிதி இல்லை. எஞ்சினை எழுப்பிற ஸ்ராட்டர் மோட்டர் எண்டு தனியா ஒண்டு இல்லை, கரண்ட் ஏத்திற ஓல்ரநேற்றரும் இல்லை, அந்த ரெண்டு மோட்டரே ரெண்டு வேலையையும் செய்யுது. மழைக்குள்ள ஹாண்டில் போட்டுச் சுத்தின உங்களுக்கு இதைத்தான் முதல் சொல்லோணும் எண்டு இருந்தன்.

நெரிசலில நிக்கேக்க எஞ்சின் தானா அணையும். பத்தடி ஊர மோட்டர் காணும், சத்தம் இல்லை. பிறேக் பிடிக்க மோட்டர் டைனமோ மாதிரிச் சுத்தி பற்றரிக்குக் கரண்ட் ஏத்தும். நான் விக்கிற இடத்தில சண்டை பிடிச்சு, நாலரை மணிக்கு 401இலதான் ஓடிப் பாப்பன் எண்டு நிண்டு ஓடினனான். அவை வழக்கமா விடுறது கடையைச் சுத்தி ரெண்டு ஒழுங்கை. அதில எந்தக் காரும் நல்ல கார்தான். ஆரும் கார் எடுக்கிறதெண்டால் தாங்கள் போற றோட்டில, தாங்கள் போற நேரத்தில, களைச்ச உடம்போடை ஓடிப் பாக்கோணும். அண்டைக்கு வீட்டை வந்து இறங்க என்ர ரெண்டு காலும் ஒரே மாதிரி இருந்தது.

எண்ணெய்க் கணக்கும் உங்களுக்குச் சொல்லோணும். ஒரு நாளைக்கு 90 கிலோமீற்றர் எண்டா வருசத்துக்கு 22,000க்கு மேல. எஸ்ஐ 100 கிலோமீற்றருக்கு ஏழரை லீற்றருக்குக் கொஞ்சம் கூடக் குடிக்கும், கம்றி 5க்குக் கிட்ட. வருசத்தில கிட்டத்தட்ட 600 லீற்றர் மிச்சம். அதோடை அந்த ரேர்போ எஞ்சினுக்கு முழு வலு வேணுமெண்டா 91 ஒக்ரேன் எண்ட உயர்ந்த ரகப் பெற்றோல் விடச் சொல்லுறாங்கள், அது விலை கூட. கம்றிக்குச் சாதாரண 87 காணும். அதின்ர அமுக்கம், எஞ்சினுக்குள்ள காத்தை அமத்திற அளவு, 14க்கு 1 எண்டு வாசிக்க எனக்கே பயமாத்தான் இருந்தது, கூட அமத்தினா சாதாரண பெற்றோலில எஞ்சின் தட்டுமெல்லோ. எங்கட ஏ 40 அமுக்கம் குறைஞ்ச எஞ்சின் எண்டபடியாத்தானே மண்ணெண்ணெயிலயும் தட்டித் தட்டி எண்டாலும் ஓடினது. இது வால்வைப் பிந்திப் பூட்டி, உறிஞ்சின காத்தில கொஞ்சத்தைத் திருப்பி விட்டுட்டு அமத்துதாம். அதால தட்டாது.

தம்பி கேட்பான், சிவிக்கிலயும் ஹைபிரிட் வருதே, அதிலயும் கிளச் இல்லையே எண்டு. அதையும் பாத்தனான், நல்ல கார். பட்டணத்துக்குள்ள பத்துப் பதினைஞ்சு கிலோமீற்றர் ஓடுறவனுக்கு, மாடிவீட்டு நிலக்கீழ்த் தரிப்பிடத்தில தூணுக்கு நடுவில விடுறவனுக்கு அதுதான் சரி. கம்றி அதைவிட ஒரு சாண் நீளம், எங்கட தரிப்பிடத்தை நூல் பிடிச்சு அளந்துதான் ஓம் எண்டனான். என்னைக் கம்றிப் பக்கம் இழுத்தது நாலு சில்லும் இழுக்கிறது, அது சிவிக்கில இல்லை. பின் சில்லுக்குத் தனி மோட்டர், நடுவால தண்டு போகாது. ஆனா பனியில புறப்படத்தான் அது உதவும், பிறேக் பிடிச்சு நிக்க ரயர்தான் வேணும். ஏழு பாகைக்குக் கீழ போனா சாதாரண ரயரின்ர இறப்பர் இறுகிப்போகும், பனி ரயர் மெத்தெண்டு பிடிக்கும். இஞ்ச சட்டப்படி கட்டாயமில்லை, போட்டா இன்சூரன்ஸ் கொஞ்சம் குறைப்பினம். நான் காரோடை சேத்தே நாலு பனி ரயருக்கும் சொல்லிப்போட்டன்.

மற்றது துரு. றோட்டில பனி உருக உப்புக் கொட்டுவினம், குருநகர்க் கடற்காத்துப் பட்ட தகடு மாதிரிக் கீழ்ப்பக்கம் தின்னுப்போகும். என்ர பழைய கொறோலா அப்பிடித்தான் போனது. அது கேம்பிரிட்ஜ் எண்ட ஊரில செய்தது. இஞ்சயும் ஒரு கேம்பிரிட்ஜ் இருக்கு அப்பா, உங்கட சிநேகிதர் ஹயருக்கு ஓடின ஓஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஒவ்வொரு முறையும் ஞாபகம் வரும். இந்த முறை வருசாவருசம் கீழ எண்ணெய் அடிப்பிக்கிறதெண்டு முடிவு. விக்கிற இடத்தில பூச்சு, உத்தரவாதம் எண்டு ஒரு கடதாசிக் கட்டு நீட்டினவை, நான் ஒண்டும் எடுக்கேல்லை. விலைக்கு மேல 13 வீத வரியே காணும்.

தம்பிக்குச் சொல்லுங்கோ, அங்க கார் எடுக்கிறதெண்டா அவசரப்பட வேண்டாம். 2020 பங்குனியில நிப்பாட்டின இறக்குமதியை இந்த வருசம் மாசியிலதானே விட்டவை, விலை ஒரு நிலைக்கு வரட்டும். எங்கட ஒழுங்கையளுக்குச் சின்னக் கார் காணும்.

கடைசியா, நான் அம்மாட்டைக் கூடச் சொல்லாத ஒரு காரணம். விக்கிற இடத்தில பின்சீற்றில ஏறி இருந்து பாத்தனான். முன்சீற்றை என்ர அளவுக்குத் தள்ளிப்போட்டு, இடக்காலை நேரா நீட்டி இருந்தன், உங்களால மடக்க ஏலாதே எண்டு. சிவிக்கில முழங்கால் கொஞ்சம் மடங்கித்தான் நிண்டது. கம்றியில கால் நீண்டுது. வாற ஆனியில, தாய் தேப்பனைக் கூப்பிடுற சுப்பர் விசாவுக்குப் போட்டு உங்கள் ரெண்டு பேரையும் கூப்பிடப் போறன், நயாகராவுக்குப் போக ஒண்டரை மணித்தியாலம் இருக்கோணும்.

ஆனா நீங்கள் பின்னுக்கு இருக்கமாட்டியள் எண்டு எனக்குத் தெரியும். அம்மாவைப் பின்னுக்கு விடுவம். இஞ்ச ஸ்ரியறிங் இடப்பக்கம். ஏறேக்க நீங்கள் பழக்கத்தில வலப்பக்கக் கதவுக்குத்தான் போவியள், அதிலயே ஏறுங்கோ, சீற்றைப் பின்னுக்குத் தள்ளி வைச்சிருப்பன். நான் ஓடுறன். பிழையெண்டா வழமை மாதிரிச் சொல்லுங்கோ.

ஏ 40ஐக் கிழமைக்கு ஒருக்கா எண்டாலும் தம்பியைக் கொண்டு எழுப்பி விடுங்கோ. அடுத்த சனி விடியக்காத்தால காரை எடுத்தவுடன படம் அனுப்புறன்.

உங்கள் அன்பு மகன்