வழக்கும் வழக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சட்டத்தின் தோற்றம் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நல்ல நடை, உழைப்பும் தெரிகிறது. ஆனால் அதன் மையக் கருத்தை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. மக்களின் பழக்கம் வழக்கமாகிறது, வழக்கம் முதிர்ந்து சட்டமாகிறது, சட்டங்களுக்கு மேல் அரசமைப்பு அமைகிறது என்று கட்டுரையாளர் படிப்படியாக ஏறிப் போகிறார். பூ பிஞ்சாகிக் காயாகிக் கனிவதைப் போல, யாரும் யாரோடும் மல்லுக்கு நிற்காமலே நடந்து முடிந்த காரியமாக அது தெரிகிறது.

நம் மொழியே இதற்கு இசையவில்லை. வழிவழியாகச் செய்துவருவதும் 'வழக்கு'தான். நீதிமன்றப் படியேறுவதும் 'வழக்கு'தான். இரண்டாவது வழக்கு வந்து நிற்கும்வரை முதல் வழக்கை எழுதிவைக்க யாருக்கும் தோன்றுவதில்லை.

அமெரிக்க அதிபர் இரண்டு முறைக்கு மேல் பதவி வகிக்கக் கூடாது என்று நெடுங்காலம் எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை. ஜார்ஜ் வாஷிங்டன் இரண்டாவது பதவிக்காலம் முடிந்ததும் 1797இல் வீட்டுக்குப் போனார்; பின்வந்தவர்கள் அந்தத் தடத்திலேயே நடந்தார்கள். மூன்றாம் முறைக்கு ஆசைப்பட்ட ஓரிருவருக்கும் அது கைகூடவில்லை. 1940இல் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் மூன்றாம் முறையும், 1944இல் நான்காம் முறையும் வென்றார். அவர் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. மீறுவதற்குச் சட்டமே இல்லை. அதன் பிறகுதான் அவசரம் பிறந்து, 1951இல் அது 22ஆவது திருத்தமாக அரசமைப்பில் ஏறியது. எல்லோரும் மதித்த காலத்தில் அது எழுதப்படவில்லை. ஒருவர் தாண்டிக் காட்டிய பிறகே எழுதப்பட்டது.

கட்டுரையாளர் தொடாமல் விட்ட இன்னொரு கேள்வி, எழுதும்போது எழுத்தாணி யார் கையில் இருக்கிறது என்பது. ஐஸ்லாந்தில் 930ஆம் ஆண்டு வாக்கில் பொதுமன்றம் தொடங்கிய காலத்தில் சட்டம் முழுவதும் வாய்மொழிதான். அதை மனப்பாடமாக ஒப்பிப்பதற்கென்றே ஒருவர் இருந்தார். ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று மூன்று ஆண்டுகளில் முழுவதையும் சொல்லி முடிப்பார். 1117இல் சட்டத்தை எழுதுவது என்று மன்றம் முடிவு செய்தது. அந்தக் குளிர்காலத்தில் ஹாஃப்லிடி மாவ்சன் என்பவரின் பண்ணைவீட்டில் கூடி எழுதினார்கள். எழுதப் போனவர்களுக்குத் தரப்பட்ட பணியைக் கவனியுங்கள்: பழையதைப் பதிவதோடு, அதைவிடச் சிறந்தது என்று தோன்றினால் புதியதையும் சேர்க்கலாம். பதிவு எது, திருத்தம் எது என்று பின்னால் பிரித்துப் பார்ப்பது எப்படி? அடுத்த கோடையில் அதை மன்றத்தில் படித்துக்காட்டிச் சம்மதம் கேட்டார்கள் என்பது மட்டும் ஆறுதல்.

பிரான்சில் 1454இல் ஏழாம் சார்லஸ் மன்னர் ஒவ்வொரு வட்டாரத்தின் வழக்காற்றையும் எழுதச் சொன்னார். அதுவரை ஒரு வழக்கம் உண்டா இல்லையா என்ற தகராறு வந்தால், குறைந்தது பத்துப் பேரைக் குழுவாகக் கூட்டிக் கேட்பார்கள். கலந்து பேசி ஒரே குரலில் அவர்கள் பதில் சொல்ல வேண்டும். எழுதும் வேலை மெல்ல நகர்ந்தது. பாரிஸ் வழக்காறு 1510இல்தான் ஏடேறியது. எழுதி முடித்த பிறகு அந்தக் குழுவுக்கு என்ன வேலை? 1667இல் பதினான்காம் லூயியின் ஆணை ஒன்று அந்த விசாரணை முறையையே ஒழித்தது. தம் வழக்கம் இன்னதென்று சொல்லும் உரிமை மக்கள் வாயிலிருந்து புத்தகத்துக்குப் போனது. இதைக் 'கனிதல்' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எழுத்தே கூடாது என்பது என் கட்சி அன்று. ரோமில் கி.மு. 451–450இல் 'பன்னிரண்டு பலகைகள்' என்ற சட்டத்தொகுப்பு எழுதப்பட்டது எளிய குடிமக்கள் போராடியதால்தான் என்று ரோமர்களின் வரலாற்று மரபு கூறுகிறது. சட்ட அறிவு உயர்குடிப் பூசாரிகளின் நெஞ்சுக்குள் பூட்டிக் கிடந்தது. எழுதிவை என்று கேட்டவர்களுக்குக் கிடைத்ததோ, உயர்குடியினரும் எளியவரும் மணம் செய்துகொள்ளக் கூடாது என்ற விதியும் சேர்ந்த பலகை! ஆனால் விதி இன்னதென்று எல்லோர் கண்ணிலும் பட்டதால் அதன்மேல் கை வைக்க முடிந்தது, கி.மு. 445இலேயே அந்தத் தடை நீங்கியது. ஒருவர் நெஞ்சுக்குள் இருப்பதை எதிர்த்து எப்படிப் போராடுவது?

எங்கள் வாசகர் வட்டத்தில் பல ஆண்டுகள் விதி என்று ஒன்றும் இருந்ததில்லை. வட்டத்தைச் சங்கமாகப் பதிவு செய்வதற்காக விதிமுறை எழுத உட்கார்ந்த அன்றுதான், தலைமைப் பொறுப்பு மூப்பின்படி வந்ததா, முறைவைத்து வந்ததா என்பதில் ஆளுக்கொரு நினைவு இருப்பது தெரிந்தது. எழுதிய நண்பரின் நினைவே விதியாயிற்று. அவர் மூத்தவர் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதுவே பெரிய அளவில் நடந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தென்னாப்பிரிக்கா சான்று. காலனி ஆட்சியாளர்கள் கேட்டு எழுதிக்கொண்ட ஆப்பிரிக்க வழக்காறு, மூத்த ஆண் வாரிசுக்கே சொத்து என்று இறுகிப் போனது. வெளியே குடும்பங்கள் மாறின, ஏடு மாறவில்லை. இறந்தவரின் இரண்டு சிறு மகள்களுக்கு உரிமையில்லை, அவருடைய தந்தைக்கே சொத்து என்ற நிலை வந்தபோது, 2004இல் அரசமைப்பு நீதிமன்றம் அந்த விதியைத் தள்ளுபடி செய்தது. 2008இல் மற்றொரு தீர்ப்பு இன்னும் சுவையானது. அந்நாட்டின் வலோயி என்ற பழங்குடிச் சமூகம் ஒரு பெண்ணைத் தலைவியாக ஏற்க முடிவெடுத்தது. அது மரபுக்கு முரண் என்று ஆண் வாரிசு ஒருவர் வழக்குத் தொடுத்து, கீழ் நீதிமன்றங்களில் வென்றும் விட்டார். தன் மரபைத் திருத்திக்கொள்ளும் அதிகாரம் அந்தச் சமூகத்துக்கே உண்டு என்று அரசமைப்பு நீதிமன்றம் அதை மாற்றியது. பழைய ஏட்டைவிட, இன்று வாழ்கிறவர்களின் வழக்கமே வழக்கம் என்றாயிற்று.

இதற்கு நேர்மாறாக, சட்டத்தை வெளியிலிருந்து இறக்குமதி செய்த நாடும் உண்டு. துருக்கி 1926இல் சுவிஸ் குடிமைச் சட்டத்தை ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டது. மக்களில் பலர் பழைய முறையிலேயே மணம் செய்துகொண்டார்கள். அந்த மணங்களைச் சட்டம் ஏற்காததால், அவற்றில் பிறந்த பிள்ளைகளைச் சட்டப்படி ஏற்பதற்கென்றே நாடாளுமன்றம் பலமுறை தனிச்சட்டம் போட நேர்ந்தது. வழக்கத்திலிருந்து சட்டம் தானாகப் பிறக்கும் என்பவர்கள் இந்தப் பிள்ளைகளை எந்தப் படியில் வைப்பார்கள்?

அந்தச் சுவிஸ் சட்டத்தின் முதல் பிரிவை மட்டும் கட்டுரையாளர் ஒருமுறை படித்துப் பார்க்கலாம். 1907இல் நிறைவேறி 1912இல் நடைமுறைக்கு வந்தது. சட்டத்தில் விடை இல்லாவிட்டால் நீதிபதி வழக்காற்றைப் பார்க்க வேண்டும். அதிலும் இல்லாவிட்டால், தானே சட்டம் இயற்றுபவராக இருந்தால் என்ன விதி வகுப்பாரோ அதன்படி தீர்க்க வேண்டும். எழுதியது முழுமையில்லை என்று முதல் பக்கத்திலேயே ஒப்புக்கொண்ட அந்த அடக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

கடைசியாக ஒரு திருத்தம். உலகின் முதல் சட்டத்தொகுப்பு பாபிலோன் மன்னர் ஹம்முராபியுடையது என்று கட்டுரையில் இருக்கிறது. ஊர் நகர மன்னர் ஊர்-நம்முவின் பெயரால் வழங்கும் சுமேரியத் தொகுப்பு அதற்கும் சுமார் முந்நூறு ஆண்டுகள் முந்தியது. அடுத்த இதழில் ஒரு வரியாவது சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்