கடலோர மாலை மையங்களை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் பிள்ளைகளுக்கு மாலை மையம் நடத்தும் தொண்டு நிறுவனத்தாருக்கும், இடம் கொடுத்து உதவும் ஊர்க் கமிட்டியாருக்கும் வணக்கம்.

மண்டபம் முதல் தொண்டி வரை உங்கள் மையங்களைத் தாங்குபவர்கள் அந்தந்த ஊரில் படித்து முடித்த அக்காக்களும் அண்ணன்களும்தான். "நம்ம ஊர்ப் பொண்ணு, அதுக்கே எல்லாம் தெரியும்" என்று பயிற்சி எதுவும் தராமல் சாவியைக் கொடுத்துவிடுகிறீர்கள். நிறையத் தெரியும் என்பது உண்மை. ஒரு மையத்தில், அப்பா இலங்கைச் சிறையில் இருக்கும் பையன் ஒருவன் மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தான். மையத்து அக்கா எதுவும் கேட்கவில்லை. வருகைப் பதிவேட்டை அவன் மடியில் வைத்து, "நீ பேர் கூப்பிடு தம்பி" என்றார். பாதிப் பெயர் தாண்டுவதற்குள் அவன் குரல் எழும்பிவிட்டது. அந்த நேரத்தில் அதைச் செய்யத் தோன்றியதே பெரிய விஷயம்.

ஆனால் அதே அக்காவிடம் ஒரு சிறுமி, "யார்ட்டயும் சொல்லிராதீங்கக்கா" என்று தொடங்கினால்? பாசமுள்ள மனசு "சத்தியமா சொல்ல மாட்டேன்" என்றுதான் சொல்லும். அங்கே அந்த மனசை நம்ப முடியாது. குழந்தையிடம் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். பொய்ச் சத்தியம் செய்யாமல், குடைந்து குடைந்து கேட்காமல், "நீ சொன்னதை நான் நம்புறேன்மா" என்று சொல்லி, குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைத்து, போலீசுக்கும் தெரிவிக்கத் தெரிய வேண்டும். ஒருவர் சிறுமியாகவும் ஒருவர் அக்காவாகவும் பேசிப் பழகினால்தான் அது வாயில் வரும். பிள்ளைகளைக் கடலில் குளிக்கக் கூட்டிப்போவதற்கும் இதேபோல முன்கூட்டியே செய்து பழக வேண்டும்.

நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், பார்த்து வலை விடும் பெரியவருக்கும் அது பிறவியிலேயே வந்துவிடவில்லை. சின்ன வயதில் வள்ளத்தில் போய், தப்புக்குத் திட்டு வாங்கி வந்தது. மாதம் ஒருமுறையாவது தன்னார்வலர்களோடு உட்கார்ந்து, "அன்னைக்கு ஏன் அப்படிச் செஞ்ச?" என்று பொறுமையாகக் கேளுங்கள். தோன்றியதைச் சொல்லிப் பார்க்கும்போதுதான் எது சரி, எது பிசகு என்று அவர்களுக்கே பிடிபடும்.

திட்டத்தையும் இந்தக் கடலைப் பார்த்தே போடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், வீட்டில் காசு இருக்காது, பள்ளிக்கூடமும் பெரும்பாலான நாட்கள் லீவு. சண்டை கூடும் அந்த நாட்களில் கோடை விடுமுறை என்று மையத்தைப் பூட்டுவது எனக்குப் பெரும் வருத்தம். தடை முடிந்து படகு இறங்கும்போது, ஒன்பதாவது, பத்தாவது படிக்கும் பையன்கள் சிலர் கூடவே ஏறிவிடுகிறார்கள். அவர்களோடு பேச வேண்டியது அதற்கு முந்தைய வாரங்களில்தான்.

ஆகவே பயிற்சியை மார்ச் மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். வருகிறவர்களுக்கு பஸ் காசோடு அன்றைய கூலியையும் சேர்த்துக் கொடுங்கள். அவர்களில் விடியலில் பாசி எடுக்கக் கடலில் இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

அன்புடன்,
பாம்பன் கரையிலிருந்து ஒரு இளைஞர் பணியாளர்