கட்டுறதுக்கு முன்னாடி மேல பாரு

அன்பு மகனுக்கு,

நைனா எழுதுறேன். தடைக்காலம். ஏப்ரல் 15லருந்து படகெல்லாம் காசிமேட்டுல கட்டிக் கெடக்குது, ஜூன் 14 வரைக்கும் கிழிஞ்ச வலையத் தைக்கிறதுதான் வேலை. உங்கம்மா கால் வலி பரவால்ல.

நீ அனுப்புன போட்டோவ தெருவுல எல்லாருக்கும் காட்டினேன். கனடா காட்டுல எம்புள்ள ரெண்டு மரத்துக்கு நடுவுல ஹேமக், அதான் தூளி மாதிரி துணிப் படுக்கை, கட்டிப் படுக்குறான்னு பெருமையாத்தான் இருந்துச்சு. ஆனா கட்டு சரியில்ல தம்பி. கயித்துலயே பொறந்து வளந்தவன் கட்டுற கட்டா அது? கொடிக்கயிறு மாதிரி விறைப்பா இழுத்து வெச்சிருக்க. கயிறு தரைமட்டத்துலருந்து 30 டிகிரி சாய்வா இருந்தா ஒவ்வொரு பக்கமும் உன் எடையளவுதான் இழுக்கும். 10 டிகிரின்னா கிட்டத்தட்ட மூணு மடங்கு. நீ 80 கிலோன்னா ஒரு பக்கத்துக்கே 230 கிலோ ஏறும். தொய்வா விடு, பயப்படாத. தொய்வான துணியில குறுக்குவாட்டுல படுத்தாத்தான் முதுகு நேரா இருக்கும்.

நைலான் கயித்த மொதல்ல மாத்து. ஈரம் பட்டா இழுபடும், ராத்திரியில நீ தரை தட்டுவ. ரெண்டு இஞ்ச் அகலத்துல பாலியெஸ்டர் பட்டை வாங்கு, மரப்பட்டையும் அறுபடாது. பெரிய செலவில்ல. அப்புறம் படுக்கைக்கு மேல ஒரு முனையிலருந்து மறுமுனைக்கு மெல்லிசா, இழுபடாத கயிறு ஒண்ணு கட்டு. படுக்கை நீளத்துல நூத்துக்கு 83 பங்கு இருக்கணும், 11 அடின்னா 9 அடி சொச்சம். எந்த மரத்துல கட்டினாலும் தொய்வு மாறாது. மழையில கட்டுன பட்டை வழியா தண்ணி படுக்கைக்குள்ள வரும். படுக்கைக்கு வெளிய பட்டையில ஒரு பருத்தி நூல் துண்டத் தொங்க விடு, அதுலயே சொட்டிடும்.

மரத்த மேல பாத்துட்டுக் கட்டு. காஞ்ச கிளை இருந்தா வேற மரம் பாரு. பெரியப்பா விஷயம் உனக்கு நான் சொல்ல வேணாம்.

போட்டோவுல ஒரே ஒரு டீ கப்புதான் தெரிஞ்சுது. சரி.

குளிருக்கு ஸ்லீப்பிங் பேக் மட்டும் போதாது. உடம்பு அழுத்துற எடத்துல பஞ்சு சப்பையாயிடும், கீழருந்து காத்து முதுகுல ஏறும். விலை கம்மியான ஃபோம் பாய் ஒண்ணு உள்ள போட்டுக்கோ. ஒண்ணு போதுமா, ரெண்டு வாங்கணுமான்னு உனக்குத்தான் தெரியும்.

வாரா வாரம் காட்டுக்குப் போறியாமே, உன் சிநேகிதன் சொன்னான். போ, வேணாங்கல. வீட்டுல இருக்க முடியாமப் போறியோன்னுதான் அம்மாவுக்கு. அவ கேட்டா "அப்புறம் பேசுறேன்"னு வெச்சிடுற. பெத்தவகிட்ட அப்படி வெக்கலாமா? மாச சம்பளத்துல எங்களுக்கு ஒரு கொறையும் வெக்காத புள்ள நீ, அது வேற.

மேல பாத்துட்டுக் கட்டு, மறக்காத. ராத்திரி காத்து வந்தா எறங்கிடு.

ஞாயித்துக்கிழமை போன் பண்ணு. உனக்கு நேரமில்லன்னா மருமவள பண்ணச் சொல்லு. பொங்கலுக்கப்புறம் அவ குரலே கேக்கலன்னு அம்மா சொல்றா.

நைனா
காசிமேடு