என் தாயாரின் விடை எந்த விழுக்காட்டில் சேர்ந்தது?

அமெரிக்க அதிபரின் ஆதரவு விகிதத்தைக் கணிக்கும் நிறுவனத்தாருக்கும், அதை முதற்பக்கத்தில் வெளியிடும் செய்தி ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். புதிய அதிபர் பதவியேற்று அப்போது ஐந்து வாரங்கள்கூட நிறைந்திருக்கவில்லை. அதற்குள் அவருடைய செல்வாக்கைப் பற்றி நீங்கள் வெளியிட்ட எண்களை எண்ணுவதற்கே தனியாக ஒருவர் வேண்டியிருந்தது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. மக்களின் கருத்தைக் கேட்பது நல்ல வழக்கமே. நான் எழுத நேர்ந்ததற்குக் காரணம், அந்நாட்களில் ஒரு கணிப்பு நிறுவனத்திலிருந்து என் தாயாருக்கு வந்த தொலைபேசி அழைப்பு.

அவருக்கு 74 வயது. 55 வயதைக் கடந்து, 15 ஆண்டுகளுக்கு மேல் நிரந்தரக் குடியிருப்பாளராக இருந்தவர் என்பதால், குடியுரிமை நேர்காணலில் அவருக்கு ஆங்கிலத் தேர்விலிருந்து விலக்குக் கிடைத்தது. அந்நாட்டின் வரலாறு, அரசு பற்றி அதில் கேட்கக்கூடிய நூறு கேள்விகளைத் தமிழில் எழுதிவைத்து, அடுப்படியில் நின்றபடி மனப்பாடம் செய்தார். தற்போதைய அதிபரின் பெயர் என்ன என்பதும் அவற்றுள் ஒன்று. அரசு அலுவலர் கேட்க, மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்ல, என் தாயார் தமிழிலேயே விடை கூறிக் குடியுரிமை பெற்றார். வாக்குச்சாவடியிலும் இடர் இல்லை: வாக்குச்சீட்டைப் படிக்க இயலாதவர் தமக்கு வேண்டிய ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்ல 1982இல் திருத்தப்பட்ட சட்டமே இடம் கொடுக்கிறது. சென்ற தேர்தலில் அவருக்குத் துணையாகச் சென்றவன் நான்தான்.

அப்படிப்பட்டவர், தம்மிடமும் ஒருவர் கருத்துக் கேட்கிறார் என்று அறிந்தவுடன் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்தார். அழைத்தவர் ஆங்கிலத்தில் கேட்டார். பிறகு ஸ்பானிய மொழி தெரியுமா என்று கேட்டார். அருகிலேயே இருந்த நான் மொழிபெயர்த்துச் சொல்வதாகக் கூறினேன். விதிமுறை அதற்கு இடம் தரவில்லை என்றும், மொழித் தடை என்று குறித்துக்கொள்வதாகவும் பணிவாகவே சொல்லிவிட்டு அவர் இணைப்பைத் துண்டித்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். வீட்டார் தம் கருத்தைப் பெரியவரின் கருத்தாக ஏற்றிச் சொல்லிவிடக் கூடும் என்ற அச்சம் நியாயமானதுதான். ஆனால், அதிபர் தம் பணியை ஆற்றும் விதத்தை ஏற்கிறீர்களா, இல்லையா என்ற ஒற்றை வரிக் கேள்விக்கு என் தாயார் ஒரு மணிநேரத்துக்கு விடை வைத்திருந்தார். அன்று இரவு வரை அதை எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆகவே என் கோரிக்கை ஒன்றே. ஒவ்வொரு ஆதரவு விகிதத்தின் அருகிலும், எந்தெந்த மொழிகளில் கேட்டீர்கள், மொழி காரணமாக எத்தனை பேரை விட்டீர்கள் என்பதை அச்சிடுங்கள்.

மக்கள்தொகைக் கணக்குக்கு ஏற்ப எடையிட்டு, அதாவது குறைவாக அகப்பட்ட பிரிவினரின் விடைகளுக்குக் கூடுதல் மதிப்பளித்து, சரிசெய்துவிடுகிறோம் என்பீர்கள். எடையிடுதல் ஆசியர் என்ற கட்டத்தை நிரப்பும். யாருடைய விடையால் நிரப்பும்? ஆங்கிலம் சரளமாகப் பேசும் முப்பது வயது மென்பொருள் பொறியாளரின் விடை, என் தாயாருக்கும் சேர்த்துக் கனம் பெறும். 1936 அதிபர் தேர்தலுக்கு முன் லிட்டரரி டைஜஸ்ட் என்ற அமெரிக்க இதழ் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட விடைகளைப் பெற்றும் குடியரசுக் கட்சியின் லேண்டன் வெல்வார் என்று சொல்லி ஏமாந்ததையும், ரூஸ்வெல்ட் அன்றைய 48 மாநிலங்களில் 46ஐ வென்றதையும் உங்கள் துறையின் முதல் பாடமாக நீங்களே கற்பிக்கிறீர்கள். தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்களையே மிகுதியாகக் கேட்டதால் வந்த வினை அது.

ஆசிரியர் பெருமக்களே, உங்களிடமும் ஒரு சொல். ஏறத்தாழ ஆயிரம் பேரைக் கேட்டு எடுத்த கணிப்பில் இருபுறமும் மூன்று புள்ளிகள் பிழைக்கு இடமுண்டு என்று கடைசிப் பத்தியில் எழுதிவிட்டு, 47 என்பது 46 ஆனதும் தலைப்பில் "சரிவு" என்று போடுகிறீர்கள். மறுவாரம் 48 ஆனால் "எழுச்சி". காய்ச்சல் இல்லாதவர் வாயில் மணிக்கொரு முறை வெப்பமானியை வைத்துப் பார்ப்பதற்குச் செய்தி என்று பெயர் வைக்கலாம் என இப்போதுதான் அறிந்தேன். 1974இல் ஃபோர்டு அதிபராகப் பதவியேற்றபோது கேலப் நிறுவனத்தின் கணிப்பில் 71 விழுக்காடு பெற்று, வாட்டர்கேட் ஊழலால் பதவி விலகிய நிக்சனுக்கு மன்னிப்பு வழங்கிய பின் அந்த மாதமே 50க்கு இறங்கினாரே, அது சரிவு. அதற்கு ஒரு காரணமும் இருந்தது. 1991இல் 89 விழுக்காட்டைத் தொட்ட மூத்த புஷ் மறு ஆண்டே தேர்தலில் தோற்றார் என்பதையும் முதல் வாரங்களின் எண்ணைக் கொண்டாடுவோர் ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

சற்றுக் கடுமையாகப் பேசிவிட்டேன், பொறுத்தருளுங்கள். கூடுதல் மொழிகளில் பேட்டி எடுக்கப் பணம் செலவாகும் என்பது எனக்குத் தெரியும். அதை உடனே செய்யுங்கள் என்று நான் வற்புறுத்தவில்லை. எந்த மொழிகளில் கேட்டீர்கள், எத்தனை பேரை விட்டீர்கள் என்ற ஒரு வரியை எண்ணுக்கு அருகிலேயே அச்சிடும்படி மட்டும் பணிவுடன் வேண்டுகிறேன். அதற்குச் செலவு கிடையாது.

என்றேனும் தமிழ் தெரிந்த ஒருவரை நீங்கள் அமர்த்தினால், என் தாயாரைப் பிற்பகல் மூன்று மணிக்குப் பின் அழைக்கச் சொல்லுங்கள். அதற்கு முன் அவர் சற்றுக் கண்ணயர்வார்.

மதிப்புடன்,
ஒரு வாக்காளரின் மகன்