மைலோ டின்னுக்குள் பதினோரு டைனோசர்: உஸ்தாத் அவர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள உஸ்தாத் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நேரில் சொல்லலாம் என்று மூன்று நாள் காத்திருந்தேன். மஃரிப் தொழுகை முடிந்ததும் மார்க்க வகுப்புப் பிள்ளைகள் உங்களைச் சூழ்ந்துகொள்கிறார்கள், அப்புறம் இஷா தொழுகைக்கு நேரமாகிவிடுகிறது. சரி, எழுதியே விடுவோம் என்று உட்கார்ந்தேன். உங்கள் பெயரை எங்கும் போடவில்லை, போடவும் மாட்டேன்.

போன சனிக்கிழமை மகள்வழிப் பேரனை நம் பினாங்கு கொம்தார் கட்டடத்துக்குக் கூட்டிப்போனேன். மேல்மாடியில் டைனோசர்கள் தலையை ஆட்டி உறுமிக்கொண்டு நிற்குமே, அங்கே. பையனுக்கு எட்டு வயது. என் வாயில் நுழையாத பெயரெல்லாம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. திங்கட்கிழமை வகுப்பில் உங்களிடம் கேட்டிருக்கிறான்: "பெருவெள்ளம் வந்தப்ப நூஹ் நபி கப்பல்ல டைனோசரும் ஏறுச்சா உஸ்தாத்?" குர்ஆனில் இல்லாத மிருகம், வெள்ளைக்காரன் கட்டிவிட்ட கதை, நம்பினால் ஈமானுக்கு, அதாவது இறைநம்பிக்கைக்கு, ஆபத்து என்று நீங்கள் சொன்னதாகச் சொன்னான். பிள்ளை சொல்வதில் கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம்.

அன்று இரவு செருப்பு வைக்கும் இடத்தில் ஒரு மைலோ டின் இருந்தது. மூடியைச் சுற்றி நாலு சுற்று செலோடேப். உள்ளே அவனுடைய பதினோரு பிளாஸ்டிக் டைனோசர்கள். "நன்னா, இதை முஸ்லிம் இல்லாத பசங்க யாருக்காச்சும் கொடுத்துடுங்க" என்றான். அழவில்லை. அழுதிருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன்.

குர்ஆனில் பெயர் இல்லை என்பது உண்மைதான். ஒராங் ஊத்தானுக்கும் இல்லை, நாம் பருவம் தவறாமல் தின்னும் டுரியானுக்கும் இல்லை. அந்நஹ்ல் சூராவில் குதிரை, கோவேறு கழுதை, கழுதை என்று சொல்லிவிட்டு, நீங்கள் அறியாதவற்றையும் அவன் படைக்கிறான் என்று வருகிறதே (16:8), அதை நான் உங்களுக்கு ஓதிக்காட்டத் தேவையில்லை. அந்த வசனம் டைனோசரைத்தான் சொல்கிறது என்று நான் வாதாட வரவில்லை. நமக்குத் தெரிந்த பட்டியலோடு படைப்பு முடிந்துவிடவில்லை என்று சொல்கிறது, எனக்கு அது போதும்.

இன்னொன்று. டைனோசர் என்றாலே நம் ஆட்கள் சிலர் பதறுவது எதற்கு என்று யோசித்துப் பார்த்தேன். 6 கோடியே 60 லட்சம் ஆண்டுக்கு முன் அழிந்தது என்கிறார்களே, அந்தக் கணக்குத்தான் பயமுறுத்துகிறது போலிருக்கிறது. ஆனால் உலகம் கி.மு. 4004இல் படைக்கப்பட்டது என்று 17ஆம் நூற்றாண்டில் கணக்குப் போட்டவர் அயர்லாந்தில் இருந்த ஒரு கிறிஸ்தவப் பேராயர். அவர் வாங்கிய கடனுக்கு நாம் ஏன் வட்டி கட்ட வேண்டும்? நம் வேதத்தில் படைப்புக்கு ஆறு நாள் என்று இருக்கிறது. இறைவனிடம் ஒரு நாள் என்பது உங்கள் கணக்கில் ஆயிரம் ஆண்டு போல என்று ஓரிடத்திலும் (22:47), ஐம்பதாயிரம் ஆண்டு அளவுள்ள நாள் என்று இன்னோரிடத்திலும் (70:4) இருக்கிறது. பூமிக்கு இத்தனை வயது என்று எங்கும் இல்லை.

ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் முஸ்லிம் அறிஞர் அல்பிரூனி எழுதியிருக்கிறார்: அரபுப் பாலைவனம் ஒரு காலத்தில் கடலாக இருந்தது, கிணறும் குளமும் தோண்டும்போது சிப்பிகள் வருகின்றன என்று. அவர் காலத்து மருத்துவ மேதை இப்னு சீனா, உயிரினங்கள் எப்படிக் கல்லாகின்றன என்று விளக்கம் தேடினார். அவர்கள் ஈமான் எங்கும் போய்விடவில்லையே.

வெள்ளைக்காரன் கதை என்றீர்களாம். 'டைனோசர்' என்ற பெயரை 1842இல் வைத்தவர் இங்கிலாந்து விஞ்ஞானி ஓவன் என்ற வெள்ளைக்காரர்தான், மறுக்கவில்லை. எலும்பை யாரும் கட்டிவிடவில்லை. நம் மலேசியாவின் பகாங் மாநிலத்தில் கிடைத்த டைனோசர் பல்லை மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் அறிவித்தார்கள், 23 மில்லிமீட்டர்தான், என் சுண்டுவிரல் நகத்தை விடப் பெரிது. தமிழ்நாட்டில் நம் ஊருக்குப் போகும்போது திருச்சிக்கு முன்னால் ரயில் அரியலூரைத் தாண்டும், சிமெண்டு ஆலை விளக்குகள் தெரியும். அந்த ஆலைகள் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல் பழைய கடலின் அடித்தரை. அதே மாவட்டத்துக் கல்லமேட்டில்தான் ராட்சத டைனோசர் ஒன்றின் எலும்புகள் கிடைத்தன. எத்தனை முறை தூங்கிக்கொண்டே கடந்திருக்கிறேனோ!

நானும் ஒன்றும் உத்தமன் இல்லை. 2004 வாக்கில் ஈமெயிலில் ஒரு படம் வந்தது, ஞாபகம் இருக்கலாம், அரபு நாட்டு ரப்உல் காலி பாலைவனத்தில், குர்ஆன் சொல்லும் பழங்கால ஆத் கூட்டத்தாரின் எலும்புக்கூடு என்று, பக்கத்தில் நிற்கிற ஆள் எறும்பு மாதிரி. பிரிண்ட் எடுத்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு கடையில் மாட்டினேன். வந்தவர்களெல்லாம் சுப்ஹானல்லாஹ் என்றார்கள். ஒரு வருஷம் கழித்துக் கல்லூரியில் படித்த மருமகன் மெதுவாகச் சொன்னான்: அது கணினிப் படப்போட்டிக்காக ஒட்டுப்போட்ட படம், அடியில் இருப்பது நியூயார்க் பக்கம் யானை இனத்து மாஸ்டடான் ஒன்றைத் தோண்டிய இடம் என்று. சட்டத்தைக் கழற்றும்போது பட்ட வெட்கம் இருக்கிறதே! இல்லாத எலும்பைக் காட்டி ஈமானை வளர்க்கப் பார்த்தவன் நான். இருக்கிற எலும்பை மறைத்து ஈமானைக் காக்கப் பார்க்கிறீர்கள் நீங்கள். ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து வீடு.

ஆதம் நபி, பரிணாமம் என்றெல்லாம் இழுக்காதீர்கள், அது வேறு பேச்சு. பையன் கேட்டது கப்பலைப் பற்றி. மனிதர் வருவதற்கு எத்தனையோ கோடி ஆண்டு முன்னாலேயே அவை போய்விட்டன, அதனால் ஏற வேண்டிய தேவையே வரவில்லை என்று சொன்னால் தீர்ந்தது.

ஒருவேளை பொம்மைதான் உங்களுக்கு உறுத்தலோ என்னவோ. நபியின் துணைவி ஆயிஷா நாயகி வைத்திருந்த பொம்மைகளில் துணியால் செய்த இறக்கை வைத்த குதிரை ஒன்று இருந்ததாக அபூதாவூத் ஹதீஸ் தொகுப்பில் வருகிறதே. குதிரைக்கு இறக்கையா என்று ரசூலுல்லாஹ் கேட்டார்கள். சுலைமான் நபியிடம் இறக்கையுள்ள குதிரைகள் இருந்ததை நீங்கள் கேட்டதில்லையா என்று அந்தப் பிள்ளை திருப்பிக் கேட்டது. கடைவாய்ப் பல் தெரியச் சிரித்தார்கள் நபி (ஸல்).

டின்னை யாருக்கும் கொடுக்கவில்லை, என் அலமாரியில் இருக்கிறது. வருகிற திங்கட்கிழமை அவன் அதை எடுத்துக்கொண்டு வகுப்புக்கு வருவான். செலோடேப்பை நான் பிரிக்கவில்லை, நீங்களே பிரியுங்கள். மூன்று கொம்பு வைத்தது ஒன்று இருக்கும், அதன் பெயரை மட்டும் அவனிடம் கேளுங்கள். கொஞ்சம் நேரம் எடுக்கும், இஷாவுக்கு முன்னால் முடித்துவிடுவான்.

வஸ்ஸலாம்,
உங்கள் மாணவனின் நன்னா, பினாங்கு